நம் குருதியே மருந்தாகும்போது

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், மும்பையின் பவாய் பகுதியில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாய் வளாகத்தில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒரு மருந்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது மாத்திரை அன்று. மருந்துக்கடையில் அடுக்கி வைத்து விற்கத்தக்க ஊசிமருந்தும் அன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய குருதியிலிருந்தே தனித்தனியாகத் தயாரிக்கப்படுவது. ஒருவருக்காகச் செய்ததை இன்னொருவருக்குச் செலுத்த இயலாது. ‘நெக்ஸ்கார்-19’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சிகிச்சை, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற முதல் ‘கார்-டி’ செல் சிகிச்சையாகும்.

இவ்வகைச் சிகிச்சை உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு முதலே அது நடைமுறையில் உள்ளது. ஆனால் அங்கே ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு நம் பணத்தில் 3 கோடி, 4 கோடி ரூபாய் என்று எட்டாத உயரத்தில் நின்றது. மும்பையில் உருவான மருந்து ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கொண்டே புற்றுநோயை வெல்ல முடியும் என்பதை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது. அந்த வெற்றி எளிய குடும்பங்களின் வாசலை எட்டுமா என்பதே நம் நாட்டின் முன்னுள்ள கேள்வி. அதற்கு விடை தேடும் முயற்சிகளுள் சில நம் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

காவலர்களுக்குத் தெரியாத கள்வன்

நம் உடலுக்குள் ஓயாமல் ரோந்து செல்லும் காவற்படை ஒன்று உண்டு. வெள்ளை அணுக்களின் வகையைச் சேர்ந்த ‘டி’ செல்கள் அப்படையின் முதன்மை வீரர்கள். கிருமி புகுந்த ஒரு செல்லை அடையாளம் கண்டால், இவை அதனோடு ஒட்டிக்கொண்டு, அதன் சுவரைத் துளைக்கும் புரதங்களைச் செலுத்தி அதை அழித்துவிடும். சளி, காய்ச்சல் போன்ற தொற்றுகளிலிருந்து சில நாட்களில் நாம் தேறிவருவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் புற்றுநோயை இந்தக் காவலர்கள் ஏன் தடுப்பதில்லை? பல வேளைகளில் தடுக்கவே செய்கின்றனர். பிறழ்ந்த செல்கள் பல, நாம் அறியாமலே களையப்படுகின்றன. எனினும் புற்றுநோய் வெளியிலிருந்து வரும் பகைவன் அன்று. நம் வீட்டிலேயே பிறந்து தடம் மாறிய பிள்ளை. அதன் முகமும் நம் முகமே. ஆகவே காவலர்கள் தயங்குகின்றனர். அதற்கு மேலும் ஒரு சூழ்ச்சி உண்டு. காவற்படை வரம்பு மீறி உடலையே தாக்கிவிடாதிருக்க, டி செல்களில் இயற்கை சில தடைக்கருவிகளை அமைத்திருக்கிறது. மிதிவண்டியின் பிரேக் போன்றவை அவை. புற்றுநோய்ச் செல் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகிறது. அருகில் வந்த காவலர் ஓய்ந்து நிற்க, கட்டி வளர்கிறது.

அறுவைச் சிகிச்சை கட்டியை வெட்டுகிறது. கதிர்வீச்சு அதைச் சுடுகிறது. கீமோதெரபி வேகமாகப் பெருகும் செல்களை நஞ்சூட்டி அழிக்கிறது. இம்மூன்றும் வெளியிலிருந்து தொடுக்கும் போர்கள். நோயெதிர்ப்புச் சிகிச்சையோ, ஓய்ந்து நிற்கும் காவலரை எழுப்பும் முயற்சி.

நூறாண்டுக் கனவு

இந்த எண்ணம் தோன்றிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர், எலும்புப் புற்றுநோயால் தம் இளம் நோயாளி ஒருவர் இறந்ததைக் கண்டு மனம் வருந்தினார். பழைய மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியபோது, கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்குத் தோலில் கடும் பாக்டீரியத் தொற்று ஏற்பட்டதும், காய்ச்சல் தணிந்தபின் கட்டியும் மறைந்ததும் அவர் கண்ணில் பட்டன. தொற்றை எதிர்க்க எழுந்த காவற்படை கட்டியையும் தாக்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1891இல் அத்தகைய பாக்டீரியாவையே நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார். சிலர் குணமாயினர், பலர் ஆகவில்லை, சிலருக்குத் தொற்றே எமனாயிற்று. பின்னர் கிருமிகளைக் கொன்று அவர் செய்த கலவை ‘கோலியின் நச்சு’ என்று பெயர் பெற்றது. பலன் ஒரே சீராக அமையாததாலும், கதிர்வீச்சுச் சிகிச்சை முன்னேறியதாலும் அது வழக்கொழிந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

அக்கேள்விக்குக் கிடைத்த முதல் நிலையான விடை, நம் வீடுகளில் பழகிய பெயர் ஒன்றிலிருந்து வந்தது. காசநோய்த் தடுப்புக்காகக் குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. மருந்தே அது. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கப்பட்ட அரசு ஆய்வுக்கூடம் இத்தடுப்பூசிக்காகவே அமைந்தது. உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட இந்தக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்கே காவற்படை திரண்டு வந்து, உட்சுவரில் மேலோட்டமாகப் படர்ந்த புற்றுநோயையும் தாக்குகிறது என்பதைக் கனடாவைச் சேர்ந்த அல்வாரோ மொராலெஸ் 1976இல் வெளியிட்டார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இன்றும் இதுவே முதன்மையான மருந்துகளுள் ஒன்று. இத்தனை எளிய பொருளால் ஒரு புற்றுநோயைக் கட்டுப்படுத்த இயலும் என்பது, நோயெதிர்ப்புச் சிகிச்சை என்றாலே கோடிகளில்தான் அமைய வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை என்பதற்குச் சான்று.

பிரேக்கை விடுவித்தல்

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இரு ஆய்வாளர்கள், ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் ஜப்பானிலும், காவலரை ஓய்த்து வைக்கும் பிரேக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஜேம்ஸ் ஆலிசன் ‘சி.டி.எல்.ஏ.-4’ என்ற புரதத்தையும், கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோ ‘பி.டி.-1’ என்ற புரதத்தையும் ஆய்வு செய்தனர். இந்தப் பிரேக்கின் மேல் ஒரு எதிர்ப்பொருளைப் பொருத்தி மூடிவிட்டால், புற்றுநோயால் அதை அழுத்த இயலாது. காவலர் மீண்டும் தொழிலுக்குத் திரும்புவர். இக்கருத்தின் வழியே பிறந்த முதல் மருந்து, தோலின் கொடிய புற்றுநோயான மெலனோமாவுக்காக 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘பெம்ப்ரோலிசுமாப்’, ‘நிவோலுமாப்’ ஆகியவை 2014இல் தொடர்ந்தன. ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நுரையீரல், சிறுநீரகம், தலை மற்றும் கழுத்துப் பகுதி எனப் பல உறுப்புகளின் புற்றுநோய்களில் இம்மருந்துகள் இன்று பயன்படுகின்றன. முற்றிய நோயிலும் சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும் நற்பயன் கிட்டுகிறது. எனினும் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. பிரேக்கை விடுவித்த வண்டி தடம் மாறவும் கூடும் அல்லவா? குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு போன்ற நல்ல உறுப்புகளையே காவற்படை தாக்கும் பக்கவிளைவுகள் உண்டு. அவற்றை உடனே கண்டுணர்ந்து அடக்கும் பயிற்சி மருத்துவருக்கும், அறிகுறிகளை உடனே தெரிவிக்கும் விழிப்பு நோயாளிக்கும் தேவை.

காவலருக்கு முகவரி தருதல்

பிரேக்கை விடுவித்தாலும், பகைவனின் முகம் தெரியாத காவலரால் என்ன செய்ய இயலும்? இந்த இடத்தில்தான் ‘கார்-டி’ சிகிச்சை வருகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹார், 1980களின் இறுதியில் ஒரு துணிவான கலப்பைச் செய்தார். எதிர்ப்பொருள்கள் ஓர் இலக்கைத் துல்லியமாகப் பற்றிக்கொள்ளும். டி செல்கள் கொல்லும். முன்னதன் கண்ணைப் பின்னதன் கையோடு இணைத்தால், நாம் சுட்டும் இலக்கை மட்டும் தேடிச் சென்று கொல்லும் செல் கிடைக்கும். இவ்வாறு செயற்கையாக இணைக்கப்பட்ட உணர்வியே ‘கார்’ எனப்படுகிறது. சாலையில் ஓடும் காருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இலக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது ‘சிடி-19’ என்ற புரதம். ‘பி’ செல் என்னும் வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் இது காணப்படும். லுகேமியா, லிம்போமா எனப்படும் ரத்தப் புற்றுநோய்களுள் பல, இந்தப் பி செல்கள் பிறழ்வதால் தோன்றுபவை. நல்ல பி செல்களும் இந்தத் தாக்குதலில் அழியும் என்றாலும், அவை இல்லாமல் மருத்துவ உதவியோடு மனிதர் வாழ இயலும். எனவே இது ஏற்ற இலக்காயிற்று.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன் தலைமையிலான குழு 2010இல் முதல் நோயாளிகளுக்கு இதை அளித்தது. 2012இல், லுகேமியா இருமுறை திரும்பி வந்து, வேறு வழி இல்லாதிருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஃபிலடெல்ஃபியாவின் குழந்தைகள் மருத்துவமனையில் இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டு, செயற்கைச் சுவாசத்தில் வைக்கும் நிலை வந்தது. குருதியைச் சோதித்தபோது, ‘இன்டர்லூகின்-6’ என்னும் அழற்சிப் பொருள் அளவின்றிப் பெருகியிருந்தது தெரிந்தது. தம் மகளுக்கு மூட்டுவாத நோய் இருந்ததால், அப்பொருளை அடக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று அண்மையில் வந்திருப்பதைக் கார்ல் ஜூன் அறிந்திருந்தார். அம்மருந்தைச் செலுத்தியதும் சிறுமி விரைவில் தேறினாள்; லுகேமியாவும் மறைந்தது. பத்து ஆண்டுகள் கடந்தும் அது திரும்பவில்லை. அன்று தற்செயலாகக் கைகொடுத்த அந்த மூட்டுவாத மருந்து, இன்று கார்-டி சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டிய உயிர்காப்பான்.

2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கா இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. அதன் விலை 4,75,000 டாலர். மருத்துவமனைச் செலவு இதில் அடங்காது.

ஒரு பை மருந்தின் பயணம்

விலை ஏன் இவ்வளவு என்பதை அறிய, மருந்து உருவாகும் வழியைப் பார்த்தல் வேண்டும். முதலில் நோயாளியின் குருதி ஓர் இயந்திரத்தின் வழியே சுற்றி வர, வெள்ளை அணுக்கள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு மீதி உடலுக்கே திரும்புகிறது. பிரித்த அணுக்களிலிருந்து டி செல்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. தீங்கு செய்யும் பகுதிகள் நீக்கப்பட்ட ஒரு வைரஸ், புதிய உணர்விக்கான மரபணுவை அஞ்சல்காரர்போல் அந்தச் செல்களுக்குள் கொண்டு சேர்க்கிறது. இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் வைரஸ், எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி.யிலிருந்து செய்யப்பட்டது என்பது வியப்புக்குரியது. டி செல்லுக்குள் நுழையும் கலை அதற்குத்தானே நன்கு தெரியும்!

மாற்றம் பெற்ற செல்கள் தூய்மை மிக்க கூடத்தில் பல கோடியாகப் பெருக்கப்படுகின்றன. கிருமி ஏதும் இல்லை, தரம் சரியாக உள்ளது எனச் சோதனைகள் உறுதி செய்த பின்னரே மருத்துவமனைக்கு அனுப்பப்படும். இதற்கிடையில் நோயாளிக்குச் சில நாள் கீமோதெரபி அளித்து, வரப்போகும் புதிய செல்களுக்கு உடலில் இடம் உண்டாக்குவர். பின்னர் ஒரு சிறு பையில் உள்ள செல்கள் குருதிக் குழாய் வழியே செலுத்தப்படுகின்றன. பார்ப்பவருக்கு அது குருதி ஏற்றுவதுபோல் எளிதாகவே தோன்றும். அதற்குப் பின் வரும் வாரங்களே கடினமானவை. காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, குழப்பம், தொற்று ஆகியவற்றைக் கண்ணுங் கருத்துமாகக் கண்காணிக்க வேண்டும்.

ஆயிரம் பேருக்கான மாத்திரையை ஒரே தொகுப்பாகச் செய்யலாம். இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனித் தொகுப்பு, தனிச் சோதனை, தனிப் பயணம். வைரஸ் அஞ்சல்காரரை இறக்குமதி செய்தால் அதற்கும் பெருவிலை. செல்களை உறைநிலையில் வேற்று நாட்டுக்கு அனுப்பி, அங்கே மாற்றி, மீண்டும் வரவழைத்தால் செலவோடு நாட்களும் கூடும். முற்றிய ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது.

மும்பை காட்டிய வழி

ஹார்வர்டில் ஆய்வு செய்துவிட்டு 2013இல் ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியராகச் சேர்ந்த ராகுல் புர்வார், இந்தச் செலவின் ஒவ்வொரு கூறையும் நாட்டுக்குள்ளேயே செய்து பார்க்க முற்பட்டார். அஞ்சல்கார வைரஸையும், செல் மாற்றும் முறையையும் அவர் குழு இங்கேயே உருவாக்கியது. டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்கள் ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நருலா உள்ளிட்டோர் நோயாளிகளிடம் அதைச் சோதிக்கும் பொறுப்பேற்றனர். இம்முயற்சியிலிருந்து ‘இம்யூனோஆக்ட்’ என்ற நிறுவனம் கிளைத்தது. நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை சார்ந்த தேசிய உயிரிமருந்துத் திட்டம், முதல் மனிதச் சோதனைக்காக 19.15 கோடி ரூபாய் வழங்கியது. 2021 ஜூன் 4 அன்று நவி மும்பையில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவில் முதல் நோயாளி இச்சிகிச்சையைப் பெற்றார்.

2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. பிற சிகிச்சைகள் பலனளிக்காத, அல்லது நோய் திரும்பி வந்த, 15 வயதுக்கு மேற்பட்ட பி செல் லுகேமியா, லிம்போமா நோயாளிகளுக்கு இது உரியது. 64 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2025இல் ‘லான்செட் ஹீமட்டாலஜி’ இதழில் வெளியாயின. பலனை மதிப்பிட முடிந்தவர்களுள் 73 விழுக்காட்டினருக்கு நோய் பின்வாங்கியது. இவர்கள் மற்ற வழிகள் அடைபட்ட நோயாளிகள் என்பதை மனத்திற்கொண்டு அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதே சோதனையில் சிகிச்சை தொடர்பான உயிரிழப்புகளும் நேர்ந்தன என்பதையும் மறத்தலாகாது.

சிகிச்சையின் விலை 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்ற அளவில் பேசப்படுகிறது. உலக விலையோடு ஒப்பிட்டால் இது பெருஞ்சாதனை. ஆயினும் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது ஒரு வீட்டின் விலை. இந்த உண்மையை அறிந்தே அடுத்த முயற்சிகள் நடக்கின்றன. பெங்களூரில், கிரண் மஜும்தார் ஷா, சித்தார்த்த முகர்ஜி ஆகியோர் இணைந்து நிறுவிய ‘இம்யூனீல்’ நிறுவனம், ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவமனை ஒன்றில் உருவான முறையைத் தழுவி, 2025 ஜனவரியில் தன் கார்-டி மருந்தை வெளியிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறொரு பாதையைத் தேர்ந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பாமல், மருத்துவமனைக்குள்ளேயே செல்களை மாற்றி வளர்த்து, ஏறத்தாழ ஒன்பது நாட்களில் நோயாளிக்குத் திருப்பி அளிக்கும் முறையை அது சோதித்தது. சோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை சிறிதே. ஆனால் மருந்துக்கூடம் நோயாளியை நாடி வரும் இவ்வழி, தொலைவையும் காத்திருப்பையும் ஒருங்கே குறைக்க வல்லது.

குறைந்த அளவில் நிறைந்த பயன்

செலவைக் குறைக்க இன்னொரு வழி, மருந்தின் அளவையே கேள்விக்குட்படுத்துவது. புகையிலையும் பாக்கும் மிகுதியாகப் பயன்படும் நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய் மிகுதி. முற்றிய நிலையில் வருவோரும் பலர். அவர்களுக்கு நிவோலுமாப் பயன்படும் என்று உலக ஆய்வுகள் கூறின. ஆனால் முழு அளவில் அதை வாங்கத்தக்கவர் நம்மிடையே மிகச் சிலரே.

பி.டி.-1 பிரேக்கை மூடுவதற்குச் சிறிதளவு மருந்தே போதும் என்று தொடக்ககால ஆய்வுகள் காட்டியிருந்தன. இதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, குணப்படுத்தும் கட்டத்தைக் கடந்த 151 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு விலை குறைந்த வாய்வழி மாத்திரைகள் மட்டும். மறுபிரிவினருக்கு அதனோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். இது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் உயிரோடிருந்தோர் 16.3 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 43.4 விழுக்காடு. 2022இல் வெளியான இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. முழு அளவோடு இதை ஒப்பிட்ட ஆய்வு அன்று அது. எனவே குறைந்த அளவே எல்லா நோய்க்கும் போதும் என்று முடிவு கட்டலாகாது. ஆனால் ஒன்றுமே கிடைக்காத நோயாளிக்கு இது ஒரு வாசலைத் திறந்தது.

பெருநிறுவனங்கள் தம் மருந்தைக் குறைவாகப் பயன்படுத்தும் வழியை ஆராயப் பணம் செலவிடுவதில்லை. அத்தகைய ஆய்வைப் பொது மருத்துவமனைகளே செய்ய இயலும், செய்தும் காட்டின.

எல்லைகளை அறிதல்

நம்பிக்கை தரும் செய்தியோடு அதன் எல்லையையும் அறிவதே நலம். கார்-டி சிகிச்சை இன்று பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்களுக்கே உரியது. மார்பகம், குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் திரளும் கட்டிகளில் அது இன்னும் சோதனை நிலையில் உள்ளது. அத்தகைய கட்டிகளில் எல்லாச் செல்களுக்கும் பொதுவான, அதே நேரத்தில் நல்ல உறுப்புகளில் இல்லாத இலக்கைக் கண்டறிவது அரிது. கட்டிக்குள் காவலர் நுழைவதும் கடினம்.

ரத்தப் புற்றுநோயிலும் எல்லோருக்கும் நிலைத்த பலன் கிட்டுவதில்லை. சிலருக்கு, புற்றுநோய்ச் செல்கள் சிடி-19 புரதத்தை மறைத்துக்கொண்டு மீண்டும் வருகின்றன. கார்-டி பெற்றவர்களுள் மிக அரிதாகச் சிலருக்கு டி செல்களிலேயே புதிய புற்றுநோய் தோன்றியதை அடுத்து, 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துகளின் குறிப்பேட்டில் எச்சரிக்கையைச் சேர்க்கப் பணித்தது. எனவே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் பெரும்பாலானவை, காலத்தே தொடங்கி முறையாக முடிக்கப்படும் கீமோதெரபியாலேயே குணமாகின்றன. புதிய சிகிச்சையின் பெயரைக் கேட்டு, நன்கு நிறுவப்பட்ட சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பேரிழப்பில் முடியும்.

குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை

‘நோயெதிர்ப்புச் சிகிச்சை’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கூடக் கூட, அதைத் தவறாகப் பயன்படுத்துவோரும் பெருகுகின்றனர். எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் பொடிகளும் கஷாயங்களும் இக்கட்டுரையில் சொல்லப்பட்டவற்றோடு எவ்வகையிலும் தொடர்பற்றவை. ஒப்புதல் பெறாத செல் ஊசிகளைப் பெருந்தொகைக்கு விற்போரிடமும் எச்சரிக்கை தேவை. மருத்துவரிடம் சில வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம்: இது ஒப்புதல் பெற்ற சிகிச்சையா, ஆய்வில் உள்ளதா? என் நோய்க்கு, என் நிலையில், இதனால் என்ன பலன் எதிர்பார்க்கலாம்? வேறு என்ன வழிகள் உண்டு? மருந்தின் விலையைத் தவிர மருத்துவமனைச் செலவு, தீவிர சிகிச்சை, பின்தொடர் பரிசோதனை ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும்?

சிகிச்சை ஆய்வு நிலையில் உள்ளதெனில், அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவாகியுள்ளதா என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும், உரிய வழக்குகளில் இழப்பீடும் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தாம் அறிந்த மொழியில் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை நலமாக உள்ள நாட்களிலேயே எடுத்துப் படித்துப் பார்ப்பது நன்று. எதிர்ப்பொருள் ஊசி வடிவிலான நோயெதிர்ப்புச் சிகிச்சை, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த நவீன சிகிச்சைகளின் பட்டியலில் உள்ளது. எனினும் பல பத்திரங்களில் இத்தகைய சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். மொத்தக் காப்பீடு 10 லட்சம் என்றிருந்தாலும், இச்சிகிச்சைக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதியாகவே அமையலாம். கார்-டி போன்ற செல் சிகிச்சைக்கு உரிமை உண்டா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் காப்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதையும் நினைவிற்கொள்ளலாம். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் உள்ள சமூகப்பணிப் பிரிவை முதல் நாளிலேயே அணுகினால், அறக்கட்டளைகள், அரசு நிவாரண நிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் வழி தெரியவரும். நகையையும் நிலத்தையும் அவசரத்தில் விற்பதற்கு முன் இந்த ஒரு வாயிலைத் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

முன்னிருக்கும் தொலைவு

உலக அளவிலான மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவர்களுள் கார்-டி சிகிச்சைக்கு ஏற்றவர்கள் ஒரு சிறு பகுதியினரே. புகையிலையைத் தவிர்ப்பதும், அறிகுறிகளைக் காலத்தே கண்டறிவதும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியும் காக்கக்கூடிய உயிர்கள் அதைவிடப் பன்மடங்கு. ஆனால் எல்லா வழியும் அடைபட்ட ஒருவருக்கு, அந்தச் சிறு பகுதியே முழு உலகம்.

நியூயார்க் மருத்துவர் ஒருவரின் ஊகம் நிலைத்த மருத்துவமாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த ஆறு ஆண்டுகளில் நம் நாடு தனக்குரிய மருந்தைச் செய்துகொண்டது. பத்தில் ஒரு பங்காகக் குறைந்த விலை மேலும் பத்தில் ஒரு பங்காகக் குறைய, புதிய அறிவியல் கண்டுபிடிப்பு மட்டும் போதாது. மாவட்ட மருத்துவமனையிலிருந்து நோயாளியை உரிய காலத்தில் அனுப்பிவைக்கும் ஒழுங்கு, மேலும் பல நகரங்களில் செல் வளர்க்கும் கூடங்கள், பயிற்சி பெற்ற செவிலியர், இச்சிகிச்சையை ஏற்கும் காப்பீடு, ஆய்வுக்குத் தொடர்ந்து கிடைக்கும் பொதுநிதி ஆகிய யாவும் தேவை. நோயை எதிர்க்கும் ஆற்றலை இயற்கை செல்வர், ஏழை என்று பார்த்து வழங்கவில்லை. அதை எழுப்பும் மருத்துவமும் அவ்வாறே எல்லோருக்கும் கிட்டும்போதுதான் மும்பையிலும் வேலூரிலும் தொடங்கிய பணி நிறைவு பெறும்.